சிறுவயதில் ஆடிய டிவி கேம் இப்போது வேகமாக ஓடுகிறதே, ஏன்?

குழித்துறையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வயதையொத்த பலருக்கும் தோன்றியிருக்கக்கூடிய ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். 1990களின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டில் கேசட் செருகி ஆடும் டிவி கேம் ஒன்று இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அப்பா வாங்கித் தந்தது. பெட்டியின்மேல் ஏதோ ஒரு பெயர் அச்சிட்டிருந்தது. அது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் நகல் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரியவந்தது. மாரியோ, காண்ட்ரா, டாங்க் கேம், சர்க்கஸ், ரோடு ஃபைட்டர் ஆகியவற்றைக் கோடை விடுமுறையிலும், இடவப்பாதி மழை விடாது பெய்து மைதானத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் நாட்களிலும் நானும் தம்பியும் சித்தப்பா பிள்ளைகளும் முறை வைத்து ஆடியிருக்கிறோம்.

அண்மையில் மகள் கேட்டதற்காகக் கணினியில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்) ஒன்றை நிறுவி மாரியோவைத் திறந்தேன். ஆட்டம் என் நினைவில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறது. சிறுவயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழிகளில் இப்போது கால் வைத்தவுடன் விழுகிறேன். தாவும் பொத்தானை நான் அழுத்துவதற்குள் மாரியோ விளிம்பைக் கடந்துவிடுகிறார். பின்னணி இசையும் அப்படியே: சுருதி மாறியதாகத் தெரியவில்லை, ஆனால் நடை விரைந்திருக்கிறது. ஒலியின் குரலும் சற்று வேறாகப் படுகிறது. யூடியூபில் பார்த்தால் அங்கும் எல்லாரும் இதே வேகத்தில்தான் ஆடுகிறார்கள். தம்பியிடம் தொலைபேசியில் சொன்னபோது, "வயதாகிவிட்டது, ஒத்துக்கொள்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

இது வெறும் நினைவு மயக்கமா, அல்லது கருவியிலேயே இதற்குக் காரணம் இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


நாஞ்சில் சில்லு எழுதியது:

உங்கள் நினைவு சரியானது. தம்பியிடம் தயங்காமல் சொல்லலாம். நீங்கள் ஆடிய கருவி உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடியது.

ஃபேமிகாம் ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்.டி.எஸ்.சி.க்காக வடிவமைக்கப்பட்டது. அம்முறையில் கருவி நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களை வரைகிறது. இந்தியாவில் நாம் பின்பற்றிய பி.ஏ.எல். முறையிலோ நொடிக்கு 50 படங்கள்தான். இக்கால விளையாட்டுகளைப் போல அக்கால விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்த்து ஓடவில்லை. ஒரு படம் வரைந்து முடிந்ததும் மாரியோவை இத்தனை புள்ளி நகர்த்து, எதிரியை இத்தனை புள்ளி நகர்த்து, இசையில் அடுத்த அடிக்குப் போ என்று ஒவ்வொரு படத்தையும் ஒரு படியாகக் கொண்டே நிரல் முழுவதும் எழுதப்பட்டிருந்தது. அதே நிரலை 50 படங்கள் மட்டுமே வரையும் கருவியில் ஓட்டினால், ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நடக்கும். ஏறக்குறைய பதினேழு விழுக்காடு வேகக்குறைவு என்பது விரல்களுக்கு நன்றாகவே தெரியக்கூடிய வேறுபாடு.

சுருதி மாறவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, ஏனெனில் அந்த ஒரு குறிப்பே உங்கள் வீட்டுக் கருவி எந்த வகை என்பதைச் சொல்லிவிடுகிறது. இக்கருவியில் ஒலியின் சுருதி மையச் செயலியின் துடிப்பு வேகத்தைப் பொறுத்தது. இசையின் காலப்பிரமாணமோ படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஜப்பானிய மூலக் கருவியின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. ஐரோப்பாவுக்காக நின்டெண்டோ தானே செய்த பி.ஏ.எல். கருவியில் அது 1.66 ஆகக் குறைந்தது. ஆகையால் அதில் ஜப்பானியக் கேசட்டைப் போட்டால் காலமும் குறையும், சுருதியும் ஒரு சுரத்தானத்துக்கு மேல் கீழிறங்கும். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் பி.ஏ.எல். நாடுகளின் நகல் கருவிகளுக்கென்று செய்த சில்லுகளில் செயலி 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மூலக் கருவிக்கும் அதற்கும் ஒரு விழுக்காடே வேறுபாடு என்பதால் சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிற்க, நடை மட்டும் தளர்ந்தது. நகல் எடுத்தவர்கள் இப்படிச் செய்ததற்கு நல்ல காரணம் இருந்தது. ஜப்பானியக் கேசட்டுகளின் நிரல்கள், ஒரு வரி வரையும் நேரத்தில் செயலி எத்தனை துடிப்பு துடிக்கும் என்பதை நம்பி எழுதப்பட்டவை. ஐரோப்பியக் கருவி அந்த விகிதத்தைக் குலைத்தது. நகல் கருவி அதைக் காத்து, மிஞ்சிய நேரத்தைப் படத்துக்குக் கீழே வெற்று வரிகளாகக் கழித்தது. ஜப்பானியக் கேசட்டை ஓட்டுவதில் மூல நிறுவனத்தின் ஐரோப்பியக் கருவியைவிட நகலே திறமை காட்டியது என்பது எனக்கு இன்றும் சுவையான செய்தி.

ஒலியின் குரல் வேறாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பல நகல் சில்லுகளில் துடிப்பலையின் அகலத்தைத் தீர்மானிக்கும் இரண்டு நிலைகள் தம்முள் இடம் மாறியிருந்தன. எனவே மென்மையாக ஒலிக்கவேண்டிய இடத்தில் கூர்மையும், கூர்மையாக ஒலிக்கவேண்டிய இடத்தில் மென்மையும் வந்தன.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மாரியோவின் முதல் கட்டத்தில் நேரக் கணக்கு 400இலிருந்து இறங்கும். அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு நொடி என்றுதான் நாம் எல்லாரும் எண்ணியிருப்போம். உண்மையில் அது 24 படங்களுக்கு ஒருமுறை குறைகிறது. ஆகவே 60 படக் கருவியில் முழு நேரமும் தீர ஏறத்தாழ 2 நிமிடம் 40 நொடி, 50 படக் கருவியில் 3 நிமிடம் 12 நொடி ஆகும். முதலில் வரும் எதிரியைத் தாண்டிவிட்டு அசையாமல் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்து, எஃப்.சி.இ.யூ.எக்ஸ்., மெசென் ஆகிய எமுலேட்டர்களின் அமைப்புகளில் வட்டாரம் என்பதை டெண்டி என்று மாற்றுங்கள். 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்து பெரும்புகழ் பெற்ற நகல் கருவியின் பெயர் அது. நம் ஊர்க் கருவிகளும் பெரும்பாலும் அதன் உடன்பிறப்புகளே.


தேங்காப்பட்டணம் வாசி எழுதியது:

மேலே உள்ள விளக்கம் நன்று. ஆனால் எங்கள் வீட்டு அனுபவம் அதற்கு மாறாக இருக்கிறது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கருவியில்தான் நாங்கள் ஆடினோம். யூடியூபில் இப்போது பார்க்கும் வேகத்துக்கும் எங்கள் கருவியின் வேகத்துக்கும் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. உண்மையில், பக்கத்து வீட்டு நண்பனிடம் உள்ளூரில் வாங்கிய கருவி ஒன்று இருந்தது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்து காண்ட்ரா ஆடினால் முதல் கட்டத்திலேயே செத்துப்போவான், நாங்கள் அவனைக் கேலி செய்வோம். துபாயிலும் பி.ஏ.எல். முறைதானே? பிறகு எப்படி எங்கள் வீட்டில் மட்டும் வேகம் மிகுந்தது?


தக்கலை டிவி மெக்கானிக் எழுதியது:

தேங்காப்பட்டணம் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கருவியோடு மாமா தொலைக்காட்சிப் பெட்டியையும் வளைகுடாவிலிருந்துதானே கொண்டுவந்தார்? நம் கடற்கரை ஊர்களில் இரண்டும் சேர்ந்து வருவதே வழக்கம், அதனால் கேட்கிறேன். அங்கே விற்ற வண்ணத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் பல முறைகளையும் ஏற்பவை, பின்பக்கத்தில் பி.ஏ.எல்., செக்காம், என்.டி.எஸ்.சி. என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அங்குள்ள கடைகளில் இரண்டு வகைக் கருவிகளும் கிடைத்தன. உங்கள் மாமாவுக்கு 60 படக் கருவி வாய்த்து, அதை ஏற்கும் பெட்டியும் வீட்டில் இருந்ததால் உங்களுக்கு ஒரு சிக்கலும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மெதுவாக ஓடும் கருவியில் பழகிய விரல்களோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனைக் கேலி செய்தது நியாயமில்லை.

அதே கருவியை உள்ளூர்ப் பெட்டியில் இணைத்தவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். பட்டறைக்கு அப்படிப் பலர் வருவார்கள். கருவி கெட்டுவிட்டது, படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, மேலும் கீழும் உருளுகிறது, சத்தமே இல்லை என்பார்கள். கருவியில் ஒரு பழுதும் இருக்காது. வண்ணத்தைப் பிரித்தறியும் முறை வேறு என்பதால் வண்ணம் வராது. ஆண்டெனா வழியாக இணைத்தால் ஒலியலையும் நம் பெட்டி எதிர்பார்க்கும் இடத்தில் இராது, ஆகவே சத்தம் வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், விலை கொடுத்து வாங்கிய வண்ணப் பெட்டி தோற்ற இடத்தில் பழைய சாலிடேர், டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் சமாளித்துவிடும். அவற்றின் பின்னால் படம் உருளுவதை நிறுத்த ஒரு திருகு உண்டு. அதைச் சற்றே திருப்பினால் நொடிக்கு 60 படங்களுக்கும் நிலைகொண்டு நிற்கும். சத்தம் மட்டும் வராது. சத்தமில்லாமலே மாரியோவைக் கடைசிவரை ஆடி முடித்த பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

குழித்துறையாருக்கு ஒரு கூடுதல் அடையாளம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஆட்டத்தின் படம் திரை முழுவதையும் நிறைத்ததா, அல்லது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சற்று அமுங்கினாற்போல் தெரிந்ததா என்று நினைவுகூருங்கள். கருவி வரைவது 240 வரிகள், பி.ஏ.எல். பெட்டி அவ்வகையில் காட்டக்கூடியது ஏறத்தாழ 288 வரிகள். மிஞ்சியவை கறுப்பாகவே கிடக்கும். பட்டை இருந்ததென்றால் 50 படக் கருவி என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

மாலை நேரத்தில் கருவி தானாகவே முதல் திரைக்குத் திரும்பிவிடும் என்று வந்த புகார்களையும் சொல்லியாக வேண்டும். கிராமப்புறங்களில் விளக்கு வைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் 170 வோல்ட் வரை இறங்கியதுண்டு. கருவிக்குள் 5 வோல்ட் தரும் 7805 என்ற சிறு உறுப்புக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வரவேண்டும். மின்மாற்றி வைத்த 9 வோல்ட் அடாப்டர் அந்த நேரத்தில் ஆறரைக்குத் தாழ்ந்துவிடும். உடனே எல்லாம் அழிந்து மறுபடியும் தொடக்கம். கேசட்டைக் கழற்றி ஊதினால் சரியாகும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். கழற்றி மறுபடி செருகும்போது உலோகப் பற்கள் உரசித் தொடுகின்றன என்பதே அதில் நிகழும் நன்மை. ஊதுவதால் எச்சில் ஈரம் படிந்து பற்கள் கறுக்கத்தான் செய்யும். உப்புக்காற்று வீசும் குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வந்த கேசட்டுகளைப் பார்த்தாலே எனக்கு அது தெரிந்துவிடும்.


மட்டிப்பழம் எழுதியது:

அண்ணன்மார் அனைவரும் கருவியைப் பற்றியே எழுதுகிறீர்கள். கேசட்டைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனெனில் குழித்துறை அண்ணன் இப்போது தேடி எடுத்து ஆடுவது அன்று ஆடிய அதே விளையாட்டுத்தானா என்பதிலும் எனக்கு ஐயம் இருக்கிறது.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இருந்தது 9999999 விளையாட்டுகள் அடங்கியது என்று மேலட்டையில் பீற்றிக்கொண்ட கேசட். பட்டியலில் கீழே போகப் போக அதே மாரியோ வேறொரு கட்டத்தில் தொடங்குவார், அதே விமானம் வேறொரு நிறத்தில் பறக்கும். உண்மையில் தனித்தனி விளையாட்டுகள் சிலவே. அவையும் பெரும்பாலும் 1983க்கும் 1986க்கும் இடையில் வந்த சிறிய விளையாட்டுகள். முதல் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கேலக்ஸியன் போன்றவை அதிலும் சிறியவை. ஆகவே மலிவான ஒரே சில்லில் அவற்றைப் பல டஜன் அடைக்க முடிந்தது. காண்ட்ராவின் அமெரிக்கப் பதிப்பு 128 கிலோபைட். அதனால்தான் அத்தகைய கேசட்டுகளில் காண்ட்ரா அரிதாகவே இருந்தது, அதற்கென்று தனிக் கேசட் கேட்டு அடம்பிடிக்க வேண்டியிருந்தது.

டாங்க் கேம் என்று எல்லாரும் சொல்வது நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. ஆனால் நம் கேசட்டுகள் பலவற்றில் இருந்தது யாரோ அதைத் திருத்தி, வரைபடங்களை மாற்றி, தண்ணீரைக் கடக்கும் படகு போன்ற புதிய பரிசுகளைச் சேர்த்து உருவாக்கிய டாங்க் 1990. ஜப்பானிய மூலத்தை எடுத்து ஆடிவிட்டு, "படகு எங்கே போயிற்று?" என்று நான் நெடுநேரம் தேடியிருக்கிறேன். எது அசல், எது திருட்டு என்று இன்று பிரித்துச் சொல்வது எளிது. எனக்கோ அந்தத் திருத்தப்பட்டதுதான் நிறைவான விளையாட்டு. மூலம் ஏதோ குறையோடு வந்தது போலத் தோன்றுகிறது.

உண்மையான கருவியை ஏன் யாரும் வாங்கவில்லை என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கக்கூடும். 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகா மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது அதன் விலை 18,000 ரூபாய். அந்தத் தொகையைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

வாத்துச் சுடும் விளையாட்டில் இன்னொன்று. நாம் துப்பாக்கியால் சுடும்போது, இரண்டாவது கைப்பிடியை வைத்திருப்பவர் வாத்தை விரும்பிய பக்கம் பறக்கவிடலாம். ஒற்றை வாத்து வரும் முறையில் மட்டுமே இது இயலும். எங்கள் பெரியம்மா மகன் இதை எப்படியோ கண்டுபிடித்து, ஒரு கோடை விடுமுறை முழுவதும் யாரிடமும் சொல்லாமல், ஒன்றுமறியாதவன் போல் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு எங்களைத் தோற்கடித்தான்.


குழித்துறையான் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மெக்கானிக் ஐயா சொன்ன கறுப்புப் பட்டை எங்கள் பெட்டியில் இருந்தது. படத்தை நீட்டித் தரச் சொல்லி அப்பா ஒருமுறை பழுதுபார்ப்பவரை வீட்டுக்கே வரவழைத்தது நினைவுக்கு வருகிறது. பாவம், அவர் என்ன செய்திருக்க முடியும்!

எமுலேட்டரில் டெண்டி என்று மாற்றி ஆடினேன். கைக்கடிகாரக் கணக்கு நாஞ்சில் சில்லு எழுதியபடியே வந்தது. அதைவிடவும், முதல் முயற்சியிலேயே முதல் உலகின் நான்கு கட்டங்களையும் கடந்தேன். விரல்கள் தாமாகவே பொத்தானைத் தேடிப் போயின. மகளோ, "இது ஏன் அப்பா இப்படி ஊர்ந்து போகிறது, பழையபடி மாற்றுங்கள்" என்கிறாள். அவள் 60 படத்தில் கற்றுக்கொண்டவள். இனி வீட்டில் இருவருக்கும் தனித்தனி அமைப்பு வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். பரணிலிருந்து எங்கள் பழைய கருவியையும் துப்பாக்கியையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அடாப்டர் மட்டும் காணாமற்போய்விட்டது. வீட்டு இணையப் பெட்டியின் அடாப்டர் முனை அதில் சரியாகப் பொருந்துகிறது, அதைப் பயன்படுத்தலாமா? துப்பாக்கி இப்போதைய தட்டையான தொலைக்காட்சியில் வேலை செய்யுமா?


நாஞ்சில் சில்லு எழுதியது:

துப்பாக்கி வேலை செய்யாது. விசையை இழுத்தவுடன் விளையாட்டு ஒரு படத்தளவு நேரம் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரைகிறது. துப்பாக்கி முனையில் உள்ள ஒளியுணரி கறுப்புக்குப் பின் வெளிச்சத்தைக் கண்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. வெளிச்சம் விசையை இழுத்த உடனேயே வரவேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அது தாமதமின்றி வரும், தட்டைத் திரை படத்தைச் சீர்செய்து காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும். போதாக்குறைக்கு, குழாய்த் திரையில் வரிவரியாக ஓடும் ஒளியின் துடிப்பை மட்டுமே ஏற்கும் வடிகட்டியும் பல துப்பாக்கிகளில் உண்டு. எரியும் பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாமற்போனதும் அதனால்தான். அடாப்டர் பற்றி மெக்கானிக் ஐயாவே சொல்லட்டும்.


தக்கலை டிவி மெக்கானிக் எழுதியது:

செருகிவிடாதீர்கள், தம்பி. இணையப் பெட்டிகளின் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். ஃபேமிகாமிலும் அதைப் பின்பற்றிய நகல்கள் பலவற்றிலும் நடுமுனை எதிர்மின். மாற்றிக் கொடுத்தால் மின்தேக்கியும் 7805ம் போய்விடும், சில வேளைகளில் சில்லும் உடன்போகும். கருவியின் அடிப்பக்கத்தில் சிறு வட்டமும் அதற்கு இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் போட்ட படம் இருக்கும். அதைப் பார்த்து, அதே திசையுள்ள 9 வோல்ட் டி.சி. அடாப்டர் வாங்குங்கள். 12 வோல்ட் வேண்டாம், 7805 வீணாகச் சூடேறும். படம் அழிந்துபோயிருந்தால் மேல்மூடியைத் திறந்து, செருகுமிடத்தின் எந்த முனை பலகையில் அகன்று ஓடும் தரைத்தடத்தோடு இணைந்திருக்கிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அதுவே எதிர்மின் முனை. மின்சாரம் கொடுப்பதற்கு முன் கேசட்டின் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, முழுவதும் உலர்ந்தபின் செருகுங்கள்.